டாம் ஜூரிச்சை வீட்டுக்கு அனுப்பியது நியாயமா?

பந்துமணி:
அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் 1997 முதல் 2017 வரை விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த டாம் ஜூரிச்சைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத லீக்கில் ஆடிக்கொண்டிருந்த கல்லூரியை 2014இல் ஏசிசி என்ற பெரிய கல்லூரி லீக்குக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தவர் அவர். 2013ஐ மட்டும் பாருங்கள். ஜனவரியில் சுகர் பௌல் என்ற பெரிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் புளோரிடாவைச் சாய்த்தார்கள். ஏப்ரலில் ஆண்கள் கூடைப்பந்தில் தேசியக் கோப்பை, பெண்கள் அணியும் இறுதிப் போட்டி வரை.

கணக்கன்:
அந்த ஏப்ரல் கோப்பை இப்போது எங்கே சார்? 2018 பிப்ரவரியில் 123 வெற்றிகளோடு சேர்த்துப் பறிபோனது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ ஆண்கள் கூடைப்பந்து பட்டத்தைப் பறித்தது அதுதான் முதல் தடவை. காரணம் தெரியுமல்லவா? பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் மைத்துனர் பில்லி மினார்டி, இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர். அவர் பெயரில் இருந்த வீரர் விடுதியில், கல்லூரியில் சேர்க்க அழைத்து வந்த பையன்களுக்கு அணி ஊழியர் ஒருவர் காசு கொடுத்து ஆடை அவிழ்த்து ஆடும் பெண்களை ஏற்பாடு செய்திருக்கிறார். வருடக்கணக்கில்!

பந்துமணி:
அதற்காக இயக்குநர் ராத்திரி விடுதி வாசலில் நின்று காவல் காக்க வேண்டுமா? அந்த வழக்கில் என்சிஏஏ ஜூரிச் மீது தனியாக எந்தக் குற்றமும் சுமத்தவில்லை.

வடகரை:
நடுவில் நுழைகிறேன். அவர் காலத்தில் பெண்கள் சாப்ட்பால், ஹாக்கிக்கெல்லாம் நல்ல மைதானங்கள் வந்தன. கால்பந்தும் கூடைப்பந்தும் மட்டுமே கண்ணில் படுகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் 2017 ஆகஸ்டில் அடிடாஸுடன் 10 ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம், அடுத்த மாதமே எஃப்பிஐ வழக்கு. ஒரு வீரரை லூயிவிலில் சேர்க்க அவர் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் தர அதே அடிடாஸ் ஆள் ஏற்பாடு செய்தார் என்று. அதற்குப் பிறகுதான் ஜூரிச்சின் வேலை போனது. வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றக் கணக்கில் லூயிவில் ஏமாற்றப்பட்ட தரப்பு!

கணக்கன்:
விடுதியை விடுங்கள். ஜூரிச்சே கையெழுத்துப் போட்டதைப் பேசுவோம். முன்பு லூயிவிலில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த பாபி பெட்ரினோ 2012இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து பற்றிப் பொய் சொன்னார், தொடர்பிலிருந்த பெண்ணுக்கே வேலையும் போட்டுக் கொடுத்திருந்தார், அங்கே துரத்தினார்கள். 2014இல் அவரைத் திரும்ப அழைத்தது யார்? 2009இல் பிட்டினோவின் சொந்த வாழ்க்கை சந்தி சிரித்தபோது தாங்கிப் பிடித்தது யார்? ஜெயிக்கிறவன் என்ன செய்தாலும் வேலை போகாது என்று ஊழியர்களுக்குப் புரிந்துபோயிருக்கும், அப்புறம் யார் பயப்படுவார்கள்?

பந்துமணி:
பெட்ரினோ விஷயத்தில் சறுக்கல்தான், சரி. ஆனால் தகுந்த காரணத்தோடு நீக்கினோம் என்றவர்கள் 2018இல் ஜூரிச்சுக்கு ஏன் பல மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் பேசினார்கள்?

கணக்கன்:
வழக்கு இழுத்தால் இன்னும் செலவு. அறங்காவலர்களில் நீக்கச் சொல்லி 10 பேர், வேண்டாமென்று 3 பேர் என்றுதான் வாக்களித்தார்கள், மறந்துவிட்டீர்களா?

பந்துமணி:
மறக்கவில்லை. அந்த 3 பேர் பக்கம்தான் நான்.