மார்ச்சில் சாலிப்புழையை நடந்தே பார்க்கப் போகிறேன்: எதைப் பார்ப்பது?

குளத்துத் தவளை:
வணக்கம். ஊர் கோவை. போன ஜூலையில் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிக்குப் போய், புலிக்கயத்தில் சாலிப்புழை ஆற்றில் நடக்கும் கயாக் (குறுகலான துடுப்புப் படகு) போட்டிகளைக் கரையில் நின்று பார்த்தேன். 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்று நடத்துகிறார்களே, அதுதான். திரும்பி வந்ததும் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். இப்போது நீச்சல்குளத்தில் கவிழ்ந்தால் பத்துக்கு ஏழு முறை நிமிர்ந்துவிடுகிறேன். வரும் மழைக்காலத்தில் ஆற்றில் இறங்க ஆசை.

மார்ச் கடைசியில் இரண்டு நாள் விடுமுறை கிடைக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும்போது ஆற்றுக்குள்ளேயே நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்: 'கல்யாணம் முடிந்த மண்டபத்தைப் பார்க்கப் போகிறாயா?' நடப்பதில் பயன் உண்டா? மேலிருந்து கீழே வருவதா, கீழிருந்து ஏறுவதா? காலுக்கு என்ன போட்டுக்கொள்வது?

சங்கிலிக்காரன்:
மண்டபம் காலியாக இருக்கும்போதுதான் தம்பி, எந்தத் தூண் விரிசல் விட்டிருக்கிறது என்று தெரியும். போய் வாருங்கள்.

நான் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் நில அளவை வேலை பார்த்தவன். 41 வயதில் கயாக்கில் ஏறினேன். அந்த ஆற்றில் ஒன்பது மழைக்காலம் துடுப்புப் போட்டிருக்கிறேன். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, மார்ச்சில் அளவுகோலோடு நடந்து தெரிந்துகொண்டதுதான்.

ஒரு பாறையைச் சொல்கிறேன். புலிக்கயத்துக்குச் சற்று மேலே, ஜாதிக்காய்த் தோப்பை ஒட்டி, லாரி முகப்பு அளவில் இடக்கரையில் நிற்கும். மற்றப் பாறைகளில் தண்ணீர் மோதினால் நுரைத்துப் புடைத்துப் பின்வாங்கும். அந்தப் புடைப்பே படகைத் தள்ளிவிட்டுவிடும். இந்தப் பாறையில் நுரையே இராது. தண்ணீர் சத்தமில்லாமல் போய்ச் சேரும். நாங்கள் அதைச் சாதுவான பாறை என்று நினைத்து, அதை உரசினாற்போல் இரண்டு ஆண்டு ஓட்டினோம்.

மூன்றாம் ஆண்டு மார்ச்சில் கணுக்கால் தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தேன். பாறையின் அடி முழுக்கக் குடைவு. கோலை விட்டேன். இரண்டரை மீட்டர் உள்ளே போய் எதிலோ மெத்தென்று முட்டியது. டார்ச் அடித்தால், குறுக்கே சிக்கிய கமுகுத்தடி, அதன்மேல் அடைந்த சருகு, ஒற்றைச் செருப்பு, நீல நிறத்தில் உடைந்த துடுப்பின் இலை ஒன்று. என்னுடையது இல்லை. யாருடையது என்று விசாரித்தும் தெரியவில்லை. மோதும் தண்ணீர் திரும்பி வரவில்லை என்றால் அது வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். எங்கே போகிறது என்பதை ஜூலையில் கண்டுபிடிக்க முயலக்கூடாது.

ஆகவே அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது பாறையின் தலையை அல்ல, அடியை. இரண்டு பாறைக்கு நடுவே சல்லடை போல நீர் மட்டும் நுழைந்து ஆள் நுழைய முடியாத இடுக்குகள், குறுக்கே விழுந்த மரங்கள், வேர்கள். ஒவ்வொன்றையும் கரையில் அசையாத ஓர் அடையாளத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். வீட்டுப் படிக்கட்டு, பாலத்தூண் போல ஏதாவது. மழைக்காலத்தில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். ட்ரோன் படம் எதற்கும் உதவாது. அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

காலையில் கீழிருந்து ஏறுங்கள்; உடம்பு தெம்பாக இருக்கும்போது ஏறுவது நல்லது, தண்ணீர் வெளியேறும் துளைகளும் முகத்துக்கு நேரே தெரியும். மதியம் அதே வழியில் இறங்கும்போது ஒவ்வொரு சரிவுக்கு முன்னாலும் உட்கார்ந்து பாருங்கள். கயாக்கில் உங்கள் கண் நீர்மட்டத்துக்கு இரண்டரை அடி மேலேதான் இருக்கும். மழைக்கால மட்டம் எது என்று கேட்காதீர்கள், ஆறே எழுதி வைத்திருக்கிறது: தலைக்கு மேலே கிளையில் தொங்கும் அரிசிப் பையை அண்ணாந்து பாருங்கள்.

தட்டைப்பாறைகளில் ஆட்டுக்கல் குழி போல வட்டக் குழிகள் இருக்கும். உள்ளே குழவி மாதிரி வழவழவென்று ஒரு கல்லும் கிடக்கும். வெள்ளத்தில் அந்தக் கல் சுற்றிச் சுற்றி அரைத்த குழிதான் அது. ஒன்றில் கையை விட்டேன், தோள் வரை போனது. கல்லை எடுத்துக்கொண்டு வராதீர்கள், அதன் வேலை இன்னும் முடியவில்லை.

கால் விஷயம். விரல் மூடிய, நன்றாகப் பிடிக்கும் அடியுள்ள ஷூ. செருப்பு கூடவே கூடாது. காய்ந்த பாசியைவிட ஈரப் பாசி மோசம், ஈரம் பாதி காய்ந்த கரும்பாசி எல்லாவற்றிலும் மோசம். ஓடும் நீரில் கல் இடுக்கில் பாதத்தை வைக்காதீர்கள். முழங்கால் ஆழம்தானே என்று தோன்றும். பாதம் சிக்கி, நீர் முதுகில் தள்ளி, ஆள் முகம் குப்புற விழுந்தால் அந்த ஆழமே போதும்.

பால்வெட்டு:
நான் குமரி மாவட்டம். ரப்பர் பால்வெட்டு வேலைக்காகத் திருவம்பாடிப் பக்கம் ஆறு ஆண்டு இருந்தேன். அண்ணன் சொன்னதோடு சில.

ஆற்றுக்கு இறங்கும் வழி பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு முற்றம் வழியாகத்தான் போகும். 'சேட்டா, புழையில் இறங்கட்டே?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தேநீரே கிடைக்கும். கேட்காமல் இறங்கினால் நாய்தான் பேசும். குளிகடவுகளில் பெண்கள் துவைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

மழை. மார்ச் கடைசியிலேயே பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். உங்கள் தலைக்கு மேல் வெயில் காயும், மேலே மலையில் கொட்டித் தீர்க்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக வந்தாலோ, என்ன ஏது என்று பார்க்காமல் கரை ஏறுங்கள். பையை எடுக்கக்கூடத் திரும்பாதீர்கள். மேலே செம்புக்கடவில் சிறு நீர்மின் நிலையம் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள். இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

பக்கத்து ஆறான இருவஞ்ஞிப்புழையில் பதங்கயம் என்ற இடத்தை யாராவது குளிக்கச் சொல்வார்கள். பார்க்க அமைதியாக இருக்கும். எத்தனையோ பிள்ளைகளின் உயிர் போன இடம். புலிக்கயம், பதங்கயம் எல்லாவற்றிலும் இருக்கும் 'கயம்' நம் பழைய தமிழ்ச் சொல்தான், ஆழமான மடு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

கையில் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலை மறக்காதீர்கள். போகும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எதிர்க்கரை:
எனக்கு ஒரு மறுப்பு. மார்ச்சில் நடந்துவிட்டேன் என்ற தைரியத்தில் ஜூலையில் கரையிலிருந்து பார்க்காமல் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மலையாற்றில் பாறை அசையாது என்பது நம் ஆசை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு எனக்குப் பழக்கமான இரண்டு சரிவுகளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் சரிந்தது சாலியாற்றில் எவ்வளவு தூரம் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சாலிப்புழையும் கடைசியில் அதே சாலியாற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. சங்கிலிக்காரர் அளந்த இரண்டரை மீட்டர் எந்த ஆண்டுக் கணக்கு?

சங்கிலிக்காரன்:
நியாயமான கேள்வி. 2017. அதன்பிறகு அந்தக் குடைவில் கோல் விடவில்லை. பாறையையே ஒதுக்கி ஓட்டுவதால் தேவைப்படவில்லை என்று இருந்துவிட்டேன். அது என் சோம்பல். தம்பி, போனால் நீங்கள் அளந்து சொல்லுங்கள்.

குளத்துத் தவளை:
போய் வந்தேன். தனியாகப் போகவில்லை, சிரித்த நண்பர்களில் ஒருவனையே இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கிலோமீட்டர் ஏற நான்கு மணி நேரம் ஆனது. முழங்கையில் சிராய்ப்பு, ஒரு ஷூவின் அடி பிளந்துவிட்டது. ஜூலையில் நான் கைதட்டிய பெரிய அலைக்குக் காரணம் இடுப்புயரப் படி ஒன்றுதான் என்று பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜாதிக்காய்த் தோப்புக்காரர் மூன்று மீட்டர் கமுகு வாரி (பாக்குமரத்தைப் பிளந்த நீளச் சட்டம்) ஒன்றைக் கொடுத்தார். சங்கிலிக்காரர் ஐயா, உங்கள் பாறையின் அடியில் இப்போது தடியும் இல்லை, சருகும் இல்லை. வாரி எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. நண்பன் பாறையைச் சுற்றிப் பின்பக்கம் போய், ஒரு துளையில் அதன் நுனி வெளியே வந்ததைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அந்தத் துளையில் என் ஹெல்மெட்டை வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.