புதுப்பிப்பு: மூன்று விதிக் கோப்பு ஒன்றானது

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஒரே ரெப்போவில் (ப்ராஜெக்ட் கோட் இருக்கும் இடம்) கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிக் கோப்பு, பேக்கேஜ் நிறுவ ஒன்றில் என்பிஎம், இன்னொன்றில் பிஎன்பிஎம் என்று முரணாக? அது தீர்ந்தது.

எல்லாவற்றையும் ரூட்டில், அதாவது ரெப்போவின் முதல் ஃபோல்டரில், ஒரே ஏஜென்ட்ஸ்.எம்டியில் போட்டேன். கோடெக்ஸ், கர்சர் ஏஜென்ட்கள் இரண்டும் அதையே படிக்கின்றன. கிளாட் கோடு தேடுவது கிளாட்.எம்டியை, அதனால் அதற்காக ஒரு கிளாட்.எம்டி, உள்ளே ஒரே வரி, @ஏஜென்ட்ஸ்.எம்டி (அந்தக் கோப்பை உள்ளே இழுக்கும்). முதலில் ஸிம்லிங்க்தான் (இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டேன். டீமில் ஒருவரின் விண்டோஸில் அது வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக இறங்கியது, விட்டுவிட்டேன்.

400 வரியை 70 ஆக வெட்டியாச்சு. "சுத்தமாக கோட் எழுது" வகை உபதேசமெல்லாம் காலி (நான் எழுதியதுதான்!). டெஸ்ட் ஓட்டும் கமாண்ட், கை வைக்கக் கூடாத டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஃபோல்டர், இவைதான் மிச்சம். பேமென்ட் விதிகள் பேமென்ட் ஃபோல்டருக்குள்ளேயே தனி ஏஜென்ட்ஸ்.எம்டியில். அங்கேயும் ஒருவரி கிளாட்.எம்டி வைக்க மறந்து அரை நாள் முழித்தேன்.