பழைய ஜெர்மன் ட்ரில்லிங்: பின் சைட் தகடு எழவில்லை, முத்திரைகளும் புரியவில்லை

கேள்வி:
சேகரிப்பில் வைக்க வாங்கிய மூன்று குழல் துப்பாக்கி. மேலே பக்கம் பக்கமாக இரண்டு ஷாட்கன் பேரல், அடியில் ரைஃபிள் பேரல். ஜெர்மனியின் சூல் ஊர்ப் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. சிக்கல்கள்:

1. மேலே உள்ள ஸ்லைடை முன்னால் தள்ளினால் பாதியில் நிற்கிறது. பின் சைட் தகடு (குறி பார்க்கும் தகடு) எழவில்லை. முன் ட்ரிகர் ரைஃபிளுக்கு மாறாமல் வலது ஷாட் பேரலிலேயே நிற்கிறது.
2. பேரலுக்கு அடியில் கிரீடத்தின் கீழ் யூ, ஜி, எஸ், டபிள்யூ, வட்டத்துக்குள் 16, ரைஃபிள் பேரலில் 172.28. விற்றவர் அதன் தோட்டா 9.3×72ஆர் என்றார். சரியா?
3. ப்ளூயிங் (எஃகின் மேலுள்ள கருநீலப் பூச்சு) தேய்ந்துவிட்டது. புதிதாகப் போடலாமா?

பதில் 1:
ஸ்லைடு பாதியில் நிற்கிறதென்றால் உள்ளே எண்ணெய் கெட்டியாகிவிட்டது. டபிள்யூடி-40 தாராளமாக அடித்து ஒரு நாள் ஊறவிடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2:
ஸ்ப்ரே வேண்டாம் சார். பூட்டுக்குள் (சுடும் பொறிக்குள்) போவது ஸ்டாக்கின் (மரப்பிடியின்) கழுத்துப் பகுதியில் இறங்கி வால்நட் மரத்தைக் கறுப்பாக்கிப் பஞ்சுபோல் மென்மையாக்கும். பழைய ட்ரில்லிங்குகளில் மரம் விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். முதலில் கோளாறு எந்தப் பாதியில் என்று பிரித்துப் பாருங்கள்.

மூன்று அறைகளும் (தோட்டா உட்காரும் இடங்கள்) காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்தபின் பேரலைக் கழற்றுங்கள். இப்போது ஸ்லைடை மட்டும் தள்ளுங்கள். முழுதும் போனால் பூட்டுப் பக்கம் நன்றாக இருக்கிறது. அடுத்து பேரலின் பின்முனையில், மேல் ரிப்புக்கு (பேரல்களை இணைக்கும் பட்டைக்கு) நேராக ஒரு சிறு முளை தெரியும். ஸ்லைடு முன்னால் போகும்போது பூட்டிலிருந்து வரும் கம்பி அதைத்தான் தள்ளும். அது ரிப்புக்குள் ஓடும் நீளக் கம்பியைத் தள்ளித் தகட்டை எழுப்பும். மரக்குச்சியால் அந்த முளையை அழுத்துங்கள். அசையாவிட்டால் அடைப்பு ரிப்புக்குள்தான். அது மறிப்பதால்தான் ஸ்லைடு தன் முழு தூரம் போகவில்லை, முன் ட்ரிகரும் ரைஃபிளுக்கு மாறவில்லை. அப்படியானால் உங்களுடைய இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றே.

பேரல் இல்லாதபோது ட்ரிகரை இழுக்காதீர்கள். இரண்டு ட்ரிகருக்கும் நடுவில் உள்ள குட்டித் திருகையும் தொடாதீர்கள். அது செட் ட்ரிகரின் (மெல்லத் தொட்டாலே இயங்கும்படி அமைக்கக்கூடிய ட்ரிகரின்) மென்மையைக் கூட்டிக் குறைப்பது, இதில் சம்பந்தமில்லை.

கேட்டவர்:
பேரல் இல்லாமல் ஸ்லைடு முழுதும் போகிறது. முளை அரை மில்லிமீட்டர்கூட அசையவில்லை.

பதில் 2:
பேரலைப் பின்முனை மேலே இருக்க நிறுத்தி, முளையைச் சுற்றி மண்ணெண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தகட்டின் கீலிலும் ஒரு சொட்டு. மறுநாள் குச்சியால் மெல்ல அழுத்தி விடுங்கள். அசையத் தொடங்கியதும் மீண்டும் சொட்டுங்கள். தகட்டைப் பிடித்து மேலே இழுக்க வேண்டாம், அடியில் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் முறிந்தால் கையால்தான் புதிதாகச் செய்ய வேண்டும். சூடு காட்டவே கூடாது. ரிப் ஈயப் பற்றவைப்பில் நிற்கிறது. மூன்று பேரலும் ஒரே இலக்கில் சேரும்படி இதைச் செய்த பட்டறைக்காரர் சுட்டுப் பார்த்து, ஆப்பு நகர்த்தி, மறுபடி பற்றவைத்திருப்பார். இளகினால் அந்த வேலை முழுவதும் போய்விடும்.

பதில் 3:
முத்திரைகள் பற்றி. கிரீட முத்திரைகள் 1891-இன் ஜெர்மன் சோதனைச் சட்டப்படி வந்தவை; 1893 ஏப்ரல் 1 முதல் அமல். யூ பரிசோதனை, ஜி சுரி (உட்புறத் திருகுப் பள்ளம்) உள்ள பேரல், எஸ் சிதறுகுண்டு, டபிள்யூ சோக் (குழல் முனைக் குறுகல்). 172.28 போன்ற எண் முதல் உலகப் போருக்கு முந்தைய வழக்கம். அது தோட்டாவின் பெயர் இல்லை, பேரலின் உள்விட்டம் கேஜ் கணக்கில் (அந்த விட்டத்தில் ஒரு பவுண்டு ஈயத்துக்கு எத்தனை உருண்டை என்பது). அளவுக் குச்சிகள் 0.01 அங்குலப் படியில் இருந்தன: 172.28 என்றால் 0.30 அங்குலம், அதாவது 7.62 மிமீ. அந்தக் குச்சி நுழைந்தது, 0.31 நுழையவில்லை. ஆகவே சுரிகளுக்கு இடையிலுள்ள மேட்டுக்கு மேடு விட்டம் 7.62-க்கும் 7.87-க்கும் நடுவில். 9.3 மிமீ தோட்டாவுக்கு இது ஒத்தே வராது. விற்பவர்கள் எந்த ட்ரில்லிங்கைப் பார்த்தாலும் 9.3×72ஆர் என்றுதான் சொல்வார்கள். உங்களுடையது 8 மிமீ குடும்பம்.

அதிலும் 8×57ஐஆர், 8×57ஆர்/360 இரண்டும் வெவ்வேறு தோட்டாக்கள். அறையை வார்த்துப் பாருங்கள்: அறைக்கு முன்னால் சுரி தொடங்கி இரண்டு செ.மீ. தள்ளிப் பஞ்சு அடைத்து, மிக மெல்லிய எண்ணெய் பூசி, செரோசேஃப் (குறைந்த சூட்டில் உருகும் வார்ப்பு உலோகம்) ஊற்றுங்கள். அது 71–88 டிகிரி செல்சியஸில் உருகுவதால் பற்றவைப்புக்கு ஆபத்தில்லை. அரை மணிக்குள் எடுத்துவிடுங்கள், பிறகு அது விரியும், சிக்கிக்கொள்ளும். ஊற்றியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் அளந்தால் அறையின் உண்மை அளவு. சுரிப்பள்ள விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: 8.2 மிமீ குண்டுக்கு ஆனதா, பழைய 8.07-ஆ என்பது அதில்தான் தெரியும்.

பதில் 2:
ப்ளூயிங்: சூடான காஸ்டிக் தொட்டியில் முக்கும் கடைக்குக் கொடுக்காதீர்கள். காஸ்டிக் ஈயப் பற்றவைப்பைத் தின்றுவிடும், ரிப்புக்குள் புகுந்த உப்பும் வெளியே வராது. துரு ப்ளூயிங் (மெல்லத் துருவேற்றிக் கறுப்பாக்குவது) மட்டுமே பொருந்தும். ஆனால் தேய்ந்த மூல ப்ளூயிங்கை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. பாலிஷ் செய்தால் முத்திரையும் செதுக்கல் விளிம்பும் மழுங்கும். தீர்மானிக்கும் முன் பேரலை அதன் அடியில் உள்ள கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் ரிப் உறுதி, கரகரத்தால் எங்கோ விட்டிருக்கிறது.

கேட்டவர்:
முளை இப்போது போய் வருகிறது, தகடும் எழுகிறது. பேரலைத் தட்டினால் ஒலி சுத்தமாக இருக்கிறது. 16 கேஜ் ஷாட் பேரலில் இன்றைய தோட்டா போகுமே?

பதில் 3:
உள்ளே போகும், அதுதான் ஆபத்து. அக்கால 16 கேஜ் அறை பெரும்பாலும் 65 மிமீ. இன்றைய தோட்டா 70. அந்த நீளம் சுட்டபின் மடிப்பு விரிந்த நிலையில் அளந்தது, ஆகவே சுடாதது 65-இலும் நுழையும். சுடும்போது தோட்டாவின் வாய், அறை குறுகும் கூம்புப் பகுதிக்குள் விரிந்து வழியை இறுக்க, அழுத்தம் ஏறும். மெல்லிய எஃகு அளவுகோலை அறைச்சுவரோடு விட்டு, கூம்பு தொடங்கும் இடம் வரை அளந்து எழுதுங்கள். நைட்ரோ முத்திரை (புகையில்லா மருந்துக்குச் சோதித்ததன் அடையாளம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் தந்த பட்டியலில் அது இல்லை.