நீல டிக் விழுந்தால் சொன்னதாகிவிடுமா?

மூன்றாம்மாடி:
"வீட்டைப் பார்க்க வர்றேன்னு காலையிலேயே வாட்ஸ்அப்பில் போட்டுட்டேன், நீல டிக் விழுந்துடுச்சு, என் கடமை முடிஞ்சது" என்று ஒரு வீட்டு உரிமையாளர் நேற்று இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. போன மாதம் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் உரிமையாளரும் இதையேதான் செய்தார். பத்து மணிக்குச் செய்தி வந்தது. பத்தரைக்கு நான் ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து வந்தால், மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு பிளம்பரோடு நடு ஹாலில் நிற்கிறார். ஒரு நாள் முன்னால் சொல்லி, "சரி, வாங்க" என்று பதில் வந்த பிறகுதானே வர வேண்டும்?

சாவிக்கொத்து:
எழுதியது நான்தான். நீல டிக் என்றால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பதில் போடாதது உங்கள் தப்பு. 12 வருடமாக வீடு வாடகைக்கு விடுகிறேன், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். குழாய் உடைந்தால் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்குமா?

மூன்றாம்மாடி:
தண்ணீர் பீறிட்டால் கதவை உடைத்துக்கொண்டுகூட வாருங்கள், யார் வேண்டாம் என்றது? அவர் வந்தது சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்ற. அது சொட்டுகிறது என்று நானே படம் எடுத்து அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கும் அன்றே நீல டிக் விழுந்ததே, உங்கள் கணக்குப்படி அவரும் பார்த்துவிட்டார்தானே, அப்புறம் ஏன் மூன்று வாரம்?

மணல்கடிகாரம்:
நீல டிக்கை அணைத்து வைக்கலாம், தெரியுமா? அணைத்தவர் படித்தாலும் சாம்பல் நிறம்தான் தெரியும். இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

சாவிக்கொத்து:
அணைத்து வைப்பவர்கள் வாடகை கேட்டால் ஒளிகிறவர்கள். முன்பணத்தைப் பற்றிப் பேசியபோது நீங்கள் என்னைப் பேராசைக்காரன் என்றதை நான் மறக்கவில்லை.

மணல்கடிகாரம்:
மறக்க வேண்டாம். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

கீழ்வீடு:
மேல்வீட்டில் ராத்திரி கட்டில் இழுக்கிறார்களே, அதை யாரிடம் சொல்வது?

மூன்றாம்மாடி:
கீழ்வீடு, அதற்குத் தனியாக எழுதுங்கள். சாவிக்கொத்து, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. போனில் "அடுத்த மாசம் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்" என்பார்கள், அப்புறம் "நான் எப்போ சொன்னேன்?" என்பார்கள். அதனால்தான் நான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறேன். ஆனால் எழுதி அனுப்பினால் மட்டும் போதாது, பதிலும் வர வேண்டும். பார்த்ததும் சம்மதித்ததும் ஒன்றா?

சாவிக்கொத்து:
நீல டிக் விழுந்தால் சொன்னதுதான். என் வீடு, என் சாவி.

மூன்றாம்மாடி:
வாடகை கொடுக்கிற வரைக்கும் அது நான் குடியிருக்கிற வீடு. பார்த்ததும் சம்மதித்ததும் ஒன்றா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.