அணையை எப்படி இயக்கலாம் என்று கேட்டார்கள், போய்ச் சொன்னேன்

வாஷிங்டன் மாநிலத்தில் ட்ரை-சிட்டீஸ் பக்கம் இருக்கும் தமிழர்கள் பலருக்குக் கொலம்பியா ஆறு என்பது மாலையில் நடக்கப் போகும் கரை, அவ்வளவுதான். அந்த ஆற்றின் அணைகளை எப்படி இயக்க வேண்டும் என்று அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது நான் கலந்துகொண்டேன். விசாவில் இருப்பவர்கள் இதையெல்லாம் செய்யலாமா என்று நண்பர்கள் கேட்டபடியே இருக்கிறார்கள். செய்யலாம். குடியுரிமை உண்டா என்று என்னை யாரும் கேட்கவில்லை. சட்டத்திலும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

முதலில் பின்னணி. கொலம்பியாவிலும் ஸ்நேக் முதலான அதன் கிளை ஆறுகளிலும் உள்ள 14 அரசு அணைகளால் சால்மன் மீன்கள் அழிகின்றன என்ற வழக்கு பல வருடங்களாக நடக்கிறது. 2016 மே மாதம் நீதிபதி மைக்கேல் சைமன், அரசின் மீன் பாதுகாப்புத் திட்டம் போதாது, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் புதிதாகத் தயாரியுங்கள் என்று உத்தரவிட்டார். அணைகளை நடத்தும் ராணுவப் பொறியியல் பிரிவும் அரசின் நீர்வளத் துறையான பியூரோ ஆஃப் ரெக்ளமேஷனும், மின்சாரத்தை விற்கும் பானவில் பவரும் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கின. அறிக்கையில் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று கேட்க அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். நான் வாலா வாலா கூட்டத்துக்குப் போனேன்.

நம் ஊர்க் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் மேடை, மைக், கூச்சல், போலீஸ் எல்லாம் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சுவரோரமாக வரிசையாய் விளக்கப் பலகைகள். மின்சாரத்துக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, வெள்ளத் தடுப்புக்கு ஒன்று. பக்கத்திலேயே அதிகாரிகள் நின்றார்கள், எவ்வளவு கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஆனால் அவர்களிடம் பேசுவது கணக்கில் வராது, எழுதிக் கொடுத்தால்தான் பதிவாகும். இதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

அங்கே சந்தித்த இருவரை மறக்க முடியவில்லை. ஒருவர் கோதுமை விவசாயி. ஸ்நேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நான்கு அணைகள் இருப்பதால்தான் கடலிலிருந்து 465 மைல் உள்ளே இருக்கும் லூயிஸ்டன் வரை பார்ஜ் என்ற சரக்குப் படகு வருகிறது. மீனுக்காக அந்த நான்கையும் உடைத்துவிட்டால் என் கோதுமை லாரியில்தான் போகணும், அந்தக் கூலி கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்றார். இன்னொருவர் பழங்குடிப் பெரியவர். 1855 ஒப்பந்தத்தில் தங்கள் மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தாலும் வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை விடவில்லை என்று ஆரம்பித்தார். 1957-ல் தி டால்ஸ் அணை நிரம்பியபோது செலைலோ அருவி மூழ்கியது. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த இடம். அதைச் சொல்லும்போது அவர் பலகையில் இருந்த வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வரைபடத்தில் அங்கே வெறும் நீலம்தான் இருந்தது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒருவருடைய இழப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பதை நான் ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன்.

வரைவு அறிக்கை 2020 பிப்ரவரி கடைசியில் வந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள், கருத்துச் சொல்ல 45 நாள். அதற்குள் கொரோனா வந்துவிட, நேரில் நடக்க வேண்டிய கூட்டங்கள் தொலைபேசிக்கு மாறின. அவ்வளவையும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். நான் தண்ணீரின் வெப்பம் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். தேங்கிய நீர் கோடையில் சூடாகிறது. சுமார் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சால்மனுக்கு ஆபத்து. 2015 கோடையில் கொலம்பியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சாக்கை என்ற சால்மன் வகை மீன்கள் முட்டையிடும் இடம் போய்ச் சேராமலே செத்தன. சராசரி வருடங்களை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், 2015 போன்ற கோடை அடிக்கடி வந்தால் ஒவ்வொரு திட்டத்திலும் என்ன ஆகும் என்று தனியாகக் காட்டுங்கள் என்று எழுதினேன். தொலைபேசிக் கூட்டத்திலும் அதையே சொன்னேன். எனக்கு முன்னால் பேசியவர் மின்கட்டணம் ஏறுமே என்று கவலைப்பட்டார், பின்னால் வந்தவர் சால்மன் இல்லாமல் பட்டினி கிடக்கும் ஓர்கா திமிங்கிலங்களைப் பற்றிப் பேசினார். முகம் தெரியாத குரல்கள்தான், ஆனாலும் யாரும் யாரையும் இடைமறிக்காமல் கேட்டது நன்றாக இருந்தது.

இறுதி அறிக்கை 2020 ஜூலையில் வந்தது. வந்த கருத்துகளும் அவற்றுக்கான பதில்களும் அதில் ஓர் இணைப்பாகவே இருந்தன. என் கேள்வியை அதேபோன்ற மற்றவர்களின் கேள்விகளோடு சேர்த்துப் பதில் எழுதியிருந்தார்கள். எனக்குத் திருப்தி இல்லை. நான்கு அணைகளையும் உடைப்பது சால்மனுக்கு மிகவும் நல்லது என்று அவர்களுடைய ஆய்வே சொன்னது. ஆனாலும் தேர்ந்தெடுத்தது வேறு: வசந்த காலத்தில் மின்தேவை குறைந்த நேரத்தில் மதகு வழியாகக் கூடுதல் நீர் விடுவது, தேவை ஏறும்போது அதே நீரை டர்பைனுக்குத் திருப்புவது. மதகு வழியாகப் போகும் குஞ்சுகளுக்கு டர்பைனில் சிக்கும் ஆபத்து இல்லை என்பதால் அதிலும் பலன் உண்டு, ஆனால் சூடேறும் நீருக்கு அதில் என்ன பதில் இருக்கிறது?

அப்புறம் மறுபடி நீதிமன்றம். 2023 டிசம்பரில் பழங்குடிகளோடும் மாநிலங்களோடும் ஓர் உடன்பாடு, 2025 ஜூனில் அதிபரின் உத்தரவால் அதுவும் போனது. கருத்துக் கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்று 1978 முதல் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக இருந்த விதிகளையும் அதே ஆண்டில் நீக்கிவிட்டார்கள். இந்த வாய்ப்பு எப்போதும் இருக்கும் என்று இனி நம்ப முடியாது. அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன், அடுத்த முறை அறிவிப்பு வந்தால் விடாதீர்கள்.

எழுதும்போது அமைப்புகள் தரும் மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்ப வேண்டாம். ஆயிரம் வந்தாலும் அவை ஒரே கருத்தாகத்தான் சேர்த்து வைக்கப்படும். எந்தப் பக்கம், எந்த அட்டவணை, எது விடுபட்டிருக்கிறது என்று குறிப்பிடுங்கள்; 2025-ல் நீக்கப்பட்ட அந்த விதிகளின்படி அப்படிப்பட்ட கருத்துக்குப் பதில் எழுதியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. கெடு தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். அந்தச் சமயத்தில் யாருமே சொல்லாத ஒரு குறையை, பிறகு வழக்குப் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் எடுபடாது.