அரம் பிடிக்கத் தெரிகிறது, சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை

குடியாத்தம் ஃபிட்டர் (கேள்வி):

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் வால்வு செய்யும் ஒரு பட்டறையில் 11 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தேன். இந்த ஆகஸ்டில் குடியாத்தம் பக்கம் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராகச் சேர்ந்திருக்கிறேன். ஃபிட்டர் முதலாண்டு, 20 பேர். மூன்று வாரம்தான் ஆகிறது. கம்பெனியில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த நாளில்கூட இவ்வளவு அலுப்பாக வீடு திரும்பியதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அரம் போடுவதுதான் முதல் பாடம், ஒரு மாதம் வைத்திருக்கிறேன். மேசையில் பொருத்திய இறுக்கிப் பிடிக்கும் கருவியான வைஸில் ஒரு இரும்புப் பட்டையைக் கட்டி, 'இப்படிப் பிடி, இப்படித் தள்ளு' என்று பத்து நிமிடம் செய்து காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் அவர்கள் தேய்த்த துண்டுகளை, அதாவது ஜாப்களை வாங்கி, ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், 20-ல் 17 ஜாப் நடுவில் மேடு. இரு ஓரமும் தேய்ந்து, முகம் தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல இருக்கிறது. மறுபடி காட்டினேன். மறுபடி மேடு. பொறுக்க முடியாமல் ஒரு பையன் கையிலிருந்த அரத்தை வாங்கி நானே முடித்துக் கொடுத்துவிட்டேன். அவன் அதைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, "சார், இதற்கு மார்க் எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

இரண்டாவது, வெர்னியர், அதாவது 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் கருவி. கண்ணை மூடிக்கொண்டு ரீடிங் சொல்வேன். பேரணாம்பட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, "0.02 என்று எதனால் வந்தது சார்?" என்று கேட்டாள். 11 ஆண்டுகளில் ஒரு நாளும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று சமாளித்தேன். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து, பிரதான அளவுகோலில் 49 மில்லிமீட்டரை வெர்னியரில் 50 பாகமாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு பாகம் 0.98, ஒன்றிலிருந்து கழித்தால் 0.02 என்று கண்டுபிடித்தேன். மறுநாள் சொன்னேன். கேட்ட மாணவிக்கு மட்டும் புரிந்தது.

கிண்டியில் ஓராண்டு படிக்க வேண்டிய பயிற்றுநர் பயிற்சி இன்னும் முடிக்கவில்லை. அதை முடித்தால் இதெல்லாம் சரியாகுமா? அதுவரை இந்த 20 பேரை என்ன செய்வது? வெயிலுக்குப் பேர்போன மாவட்டத்தில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறார்கள், பாவம். நான் அவர்கள் நேரத்தை வீணடிக்கிறேனோ என்று இருக்கிறது.

காட்பாடி பெரியவர்:

தம்பி, 17 ஜாப்பில் மேடு விழுந்தது உங்கள் குற்றமும் இல்லை, அவர்கள் குற்றமும் இல்லை. நான் இந்த வேலைக்கு வந்தபோது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989-ல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மூன்றாக்கினார்கள். பையன்களின் ஜாப்பில் மேடு விழும் இடம் மட்டும் மாறவே இல்லை.

நீங்கள் வலக்கைக்காரர் என்று நினைக்கிறேன். நாளைக்கு வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய், பட்டறையில் யாரும் இல்லாதபோது, அரத்தின் கைப்பிடியை இடக்கையிலும் நுனியை வலக்கையிலும் பிடித்து ஒரு முகத்தைச் சமப்படுத்திப் பாருங்கள். உங்கள் ஜாப்பிலும் மேடு விழும். அப்போதுதான் உங்கள் கை 11 ஆண்டுகளாக உங்களுக்கே சொல்லாமல் செய்துவந்த வேலை தெரியும். தள்ளத் தொடங்கும்போது நுனியில் உள்ள கை அழுத்த வேண்டும், கைப்பிடியில் உள்ள கை சும்மா தள்ள வேண்டும். பாதி தூரத்தில் இரண்டு கையும் சமம். முடிவில் கைப்பிடிக் கை அழுத்த, நுனிக் கை லேசாக வேண்டும். இந்த மாற்றம் இல்லாவிட்டால் அரம் ஏற்றம் இறைக்கிற மாதிரி ஆடும், ஓரம் தேயும், நடுவில் மேடு நிற்கும். நீங்கள் 'இப்படித் தள்ளு' என்றபோது இதில் எதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் முதல் இரண்டு ஆண்டு சொல்லவில்லை.

இன்னொன்று, வைஸின் உயரம் பாருங்கள். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை வரும் மட்டத்தில் வைஸின் தாடை இருக்க வேண்டும். குள்ளமான பிள்ளைகளுக்குக் காலடியில் பலகை போடுங்கள். நிலையம் வாங்கித் தராது, பழைய பேக்கிங் பெட்டியைப் பிரித்து நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். பாதி மேடு அதிலேயே போய்விடும்.

வெர்னியருக்கு உலோகத்தைத் தொடாதீர்கள். அட்டையில் பெரிதாகச் செய்யுங்கள். ஒரு பட்டையில் சென்டிமீட்டர் கோடுகள், இன்னொரு பட்டையில் 9 சென்டிமீட்டரை 10 பாகமாகப் பிரித்த கோடுகள். இரண்டையும் கையில் கொடுத்து நகர்த்தச் சொல்லுங்கள். எந்தக் கோடு எதோடு சேருகிறது என்று அவர்களே கத்துவார்கள். அதற்குப் பிறகு 49-ம் 50-ம் வெறும் கணக்கு.

கிண்டி படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயத்தம், செய்துகாட்டல், செய்யவைத்தல், சோதித்தல் என்று நான்கு படி சொல்லித்தருவார்கள். நாம் எல்லோரும் இரண்டாம் படியிலேயே நின்றுகொண்டு மூன்றாவதையும் நாமே செய்துவிடுகிறோம். அந்தப் பையன் கேட்டது அதைத்தான்.

சி.என்.சி. ராணிப்பேட்டை:

நண்பரே, மனம் நோகாமல் ஒன்று சொல்லலாமா? இந்தக் காலத்தில் அரம் போட ஒரு மாதமா? தமிழ்நாடு அரசு 71 தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 4.0 மையங்களாக, அதாவது நவீனத் தானியங்கித் தொழில்நுட்பம் கற்றுத்தரும் இடங்களாக உயர்த்தியிருக்கிறது. அங்கே ரோபோ இருக்கிறது, கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் சி.என்.சி. இயந்திரம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் அரத்தை நீட்டப்போவதில்லை. நேராக இயந்திரத்துக்குக் கூட்டிப்போங்கள்.

காட்பாடி பெரியவர்:

இயந்திரம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சி.என்.சி.யில் வந்த ஜாப்பில் பிசிர் இருந்தால் எதை எடுக்கிறீர்கள்? ஜாப் சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒரு நூலளவு எவ்வளவு என்பது கைக்குத் தெரியாதவன் திரையில் 0.02 என்று படித்தால் அது அவனுக்குப் பஸ் நம்பர் மாதிரிதான்.

சி.என்.சி. ராணிப்பேட்டை:

பிசிர் எடுக்க அரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாதம் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆம்பூர் தையல்:

நான் ஆம்பூரில் தையல் பயிற்றுநர். ஐந்தாவது ஆண்டு. ஃபிட்டர் வேலை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்வி எனக்கும் வந்திருக்கிறது. நான் முடித்துக்கொடுத்த காலரை ஒரு பெண் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். கோணலாகத்தான் வந்தது. அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

நாங்கள் முதல் வாரம் துணியைக் கையில் கொடுப்பதே இல்லை. நூல் கோக்காத இயந்திரம், கோடு போட்ட நோட்டுத்தாள். கோட்டின் மேலேயே ஊசி போக வேண்டும். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டை வரிசை எங்கே விலகியது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. உங்கள் ட்ரை ஸ்கொயரை நீங்கள் பிடிக்காதீர்கள், பிள்ளையிடமே கொடுத்து வெளிச்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகள் மாலையில் ஷூ கம்பெனிக்கோ கடைக்கோ வேலைக்குப் போகிறார்கள். காலை பட்டறையில் ஒருவன் தூங்கி விழுந்தால், திட்டுவதற்கு முன் நேற்று எத்தனை மணிக்கு வீடு போனாய் என்று கேளுங்கள். நான் கேட்காமல் ஒருவனை வெளியே நிறுத்தினேன். மூன்று நாள் வரவில்லை. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும், அந்த மூன்று நாளை ஈடுகட்ட அவனும் நானும் பட்ட பாடு தனிக் கதை. அப்புறம், துளையிடும் இயந்திரத்தின் பக்கம் போகும்போது பெண் பிள்ளைகளின் துப்பட்டாவும் பின்னலும் கட்டியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். தினமும். ஒரு நாள் சொல்லிவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள்.

குடியாத்தம் ஃபிட்டர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பெரியவர் ஐயா, இடக்கையால் அரம் போட்டேன். யாரும் இல்லாதபோது என்று சொன்னீர்கள், ஆனால் மாதனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். என் ஜாப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். "சார், உங்களுக்கும் மேடு!" என்று அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு வகுப்பே அதை வைத்துத்தான் போனது. எந்தக் கை எப்போது அழுத்த வேண்டும் என்று நான் சொல்ல, அவர்கள் எனக்குத் திருத்தம் சொன்னார்கள். பலகை நான்கு அடித்துப் போட்டிருக்கிறேன். இந்த வாரம் மேடு ஏழு ஜாப்பில்தான்.

ஆம்பூர் மேடம், ட்ரை ஸ்கொயர் இப்போது பிள்ளைகள் கையில். ஒருவன் நேற்று நான் 'போதும்' என்ற ஜாப்பை, 'இல்லை சார், இந்த மூலையில் வெளிச்சம் வருகிறது' என்று திரும்ப வைஸில் கட்டிவிட்டான். மார்க் யாருக்கு என்று கேட்டவன்தான். தூங்கி விழும் பையன் எங்களிடமும் ஒருவன் இருக்கிறான். தீப்பெட்டி ஆலையில் லோடு ஏற்றிவிட்டு வருகிறான். அவனுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

சி.என்.சி. நண்பரே, அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் இல்லை, மூன்று வாரத்தில் முடித்துவிடுவேன். அதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது.

அடுத்து மார்க்கிங் பாடம், அதாவது எங்கே வெட்ட வேண்டும் என்று உலோகத்தின் மேல் கோடு கிழிப்பது. கம்பெனியில் டப்பாவில் வரும் நீலச்சாயம்தான் பூசுவோம். இங்கே கேட்டால், சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சாக்பீஸில் கோடு தடித்துவிடுகிறது. வேறு ஏதாவது மலிவான வழி உண்டா?

காட்பாடி பெரியவர்:

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். வேலூர் லாங் பஜார் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள், சில்லறைக் காசுக்குப் பொட்டலம் கட்டித் தருவார்கள். தண்ணீரில் கரைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்த இரும்பில் பூசினால் செம்பு நிறம் ஏறும். அதன்மேல் கோடு கிழித்தால் வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரியும். பசை இருந்தால் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், அதனால் யார் ஜாப்பை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். விஷம், பூட்டி வையுங்கள். பூசிய கையோடு யாரையும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.