பம்ப்கின் பை அடி ஊறிப்போகிறது, உதவி தேவை

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். தேங்க்ஸ்கிவிங் (இங்கே நவம்பரில் வரும் நன்றி நாள்) விருந்துக்கு இன்னும் 9 நாள். மூன்று முறை பம்ப்கின் பை (அடியில் மாவு பரப்பி, மேலே பரங்கி மசியல் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு) செய்துவிட்டேன், மூன்றிலும் அடிமாவு ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. நடுவில் வெடிப்பு வேறு.

டப்பாவில் விற்கும் பரங்கி மசியலைப் பயன்படுத்தவில்லை. சுகர் பம்ப்கின் என்று விற்கும் சின்னப் பரங்கியை ஓவனில் சுட்டு மசித்தேன். 9 அங்குலக் கண்ணாடித் தட்டு. மசியல் 425 கிராம், எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டப்பாப் பால்) 354 மில்லி, முட்டை 2, சர்க்கரை முக்கால் கப், பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய். 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம், அப்புறம் 350இல் 50 நிமிடம்.

இரண்டாம் முறை மசியலைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். அரை டம்ளர் தண்ணீர் இறங்கியது, பலன் இல்லை. மூன்றாம் முறை அதோடு, ராஜ்மாவைப் பாரமாக வைத்து மாவை மட்டும் முதலில் 15 நிமிடம் சுட்டேன். ஓரம் மொறுமொறு, அடி மட்டும் ஈரம்.

டப்பாவுக்கு மாறச் சொல்கிறார்கள். சுட்ட பரங்கியின் அந்த வாசனை அதில் வருவதில்லை, விட மனமில்லை.

புதுப் பரங்கியிலேயே செய்கிறவர்கள், அடி மொறுமொறுப்பாக வர என்ன செய்கிறீர்கள்?